தேவாலயத்தின் பின்சுவர்

ஜெர்மனியில் எங்கள் மாவட்டத்தின் பழைய இடங்களைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டித் தேர்வில் நான் ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றிருந்தேன். மூன்றாவதிலும் தோற்றால் பிறகு தேர்வுக்கே விடமாட்டார்கள். பதினெட்டு வருடமாக இந்த ஊர் பேக்கரியில் பாண் விற்பவள் நான். எந்தப் பாலத்தை எந்த வருடம் கட்டினார்கள் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தோற்றது தெரியாமல் அல்ல, வாய் நீளத்தால்.

"இண்டைக்காவது புத்தகத்திலை கிடக்கிறதை மட்டும் சொல்லும்," என்றார் என் கணவர் ஆனந்தராசா, காரில் கொண்டுவந்து இறக்கும்போது.

"ஓம், ஓம். நீங்கள் பேசாமல் போங்கோ."

பரீட்சகர் பிரிங்மன் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். வழிகாட்டிகளுக்கான கையேடே அவர் எழுதியதுதான். அதன்படி பழைய தேவாலயத்துக்குள் முன்வாசலால் நேரே நுழைய வேண்டும். அவரோடு சுற்றிப் பார்க்க வந்த பத்துப் பேர் என் பின்னால் வந்தார்கள். வாசலருகே போனதும் என் கால்கள் இடப்பக்கம் திரும்பிவிட்டன. கோயிலை ஒரு சுற்றுச் சுற்றாமல் உள்ளே போய் எனக்குப் பழக்கமில்லை. இந்தத் தேவாலயத்தையும் இத்தனை வருடமாக அப்படித்தான் கும்பிட்டு வருகிறேன். பாதி வழியில்தான் சுரீரென்று உறைத்தது. பிரிங்மன் தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். ஆனாலும் வலம் வருகிறவள் பாதியில் திரும்புவாளா?

பின்சுவரில் ஐவிக் கொடியை ஒதுக்கி, கல்லில் வெட்டியிருந்த கோடு ஒன்றைக் காட்டினேன்.

"1811ஆம் ஆண்டு வெள்ளம் இவ்வளவு உயரத்துக்கு வந்தது."

ஒரு நெட்டை மனிதர் அடியில் போய் நின்று பார்த்தார். கோடு அவர் தலைக்கும் மேலே இருந்தது.

"அந்தக் கல் போரில் அழிந்துவிட்டது," என்றார் பிரிங்மன்.

"அப்படியென்றால் இது என்ன?" வெட்டியிருந்த வருடத்தின் மேல் விரலை வைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கல்லைத் தடவினார்.

"நாற்பது வருடமாக அழிந்தது என்றே எழுதியிருக்கிறேன். நீங்கள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

"எல்லோரும் பின்பக்கம் வருவீர்கள் என்று நினைத்தேன்."

பத்துப் பேரும் சிரித்தார்கள். பிரிங்மன் சிரிக்கவில்லை. தாளில் முன்பு எழுதியதை வெட்டிவிட்டு, கீழே ‘தேறினார்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை நான் மறைக்கவும் இல்லை.

"இனி உள்ளே போய் மீதியைக் கையேட்டின்படியே சொல்லுங்கள்," என்றார்.

"ஏலாது!"

அவசரத்தில் தமிழ்தான் வந்தது. பிறகு ஜெர்மன் மொழியில் விளக்கமாகச் சொன்னேன்.

"உள்ளேயும் உங்கள் புத்தகத்தில் இரண்டு பிழை இருக்கிறது."