பூட்டச் சொன்னது யார்

சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவளை எல்லாரும் வெடுக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் பதில் சட்டென்று வந்து விழும். அப்படிப்பட்டவள் தீர்ப்பு நாளன்று கோர்ட் வாசலில் வாயடைத்து நின்றாள்.

கம்பெனியில் தீப்பிடித்தபோது பின்கதவு பூட்டிக் கிடந்தது. இரண்டு பெண்கள் வீடு திரும்பவில்லை. அங்கேயே வேலை செய்த வெடுக்கின் அண்ணி பிழைத்தாள். ஆனால் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. பூட்டியது சூப்பர்வைசர். அதைக் கண்ணால் பார்த்ததை வெடுக்கு கூண்டில் ஏறிச் சொன்னாள். அவருக்கு ஜெயில். பூட்டு விஷயமே தனக்குத் தெரியாது என்ற முதலாளிக்கு விடுதலை.

வழக்கு நடந்த காலமெல்லாம் நியாயம் கேட்டுப் பிரார்த்தனைக் கூடத்தில் மண்டியிட்டவள் அவள். அதே கூடத்தில்தான் முதலாளியும் கண்மூடி உட்கார்ந்திருப்பார். யார் வேண்டுதல் பலித்தது என்று இப்போது பிடிபடவில்லை. ஆளுக்குப் பாதி என்று கடவுள் பங்கு போட்டுவிட்டாரா?

அண்ணியாவது சந்தோஷப்படுவாள் என்று வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். அண்ணி வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்.

“ஜன்னலை உடைச்சு என்னை வெளிய இழுத்துப் போட்டதே அந்த சூப்பர்வைசர்தான்.”

“பூட்டுனதும் அவர்தானே அண்ணி?”

“ஆமா. ரெண்டும் அவர்தான்.”

இதை ஏன் கோர்ட்டில் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லையே என்றாள். வெடுக்குக்குச் சுருக்கென்றது. அவளும் ஒன்றைச் சொல்லாமல்தான் வந்திருந்தாள். துணி திருட்டுத்தனமாக வெளியே போகிறது, பின்கதவைப் பூட்டு என்று முதலாளி தன் வாயால் சூப்பர்வைசரிடம் சொன்னதை அவள் காதால் கேட்டிருந்தாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று தங்கள் தரப்பு வக்கீல் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் கூடத்துக்குப் போனால், முதலாளியின் விடுதலைக்காக எல்லாரும் நன்றி சொல்லும்படி பிரார்த்தனை நடத்துகிறவர் கேட்டுக்கொண்டார். அவளுக்கு முட்டி மடங்கவில்லை. எழுந்து வெளியே வந்தாள். பின்னாலேயே கம்பெனியில் அயர்ன் போடுகிற அக்காவும் வந்து, முதலாளி சொன்னது தன் காதிலும் விழுந்தது என்றாள். அவள் புருஷன் முதலாளியின் கார் டிரைவர். அதனால்தான் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாளாம்.

இருவரும் வக்கீலிடம் போனார்கள். அப்பீல் போடலாம், நிற்குமா என்று சொல்ல முடியாது என்றார் அவர். இதனால் சூப்பர்வைசரின் தண்டனை குறையவும் கூடும் என்றார். வெடுக்கு மறுபடி குழம்பினாள். செத்துப்போனவர்களுக்குத் துரோகம் செய்கிறோமோ? வீட்டுக்கு வந்து கேட்டாள்.

“அவர் உள்ள இருக்கணுமா, வெளிய வரணுமா? நீங்களே சொல்லுங்க அண்ணி.”

“இருக்கட்டும். ஆனா தனியா இருக்க வேண்டாம்.”

வெடுக்கும் அயர்ன் அக்காவும் தாங்கள் கேட்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். டிரைவருக்கு மறுநாளே வேலை போயிற்று. அயர்ன் அக்கா கண் கலங்கினாளே தவிர, சொன்னதை மாற்றவில்லை. மறுபடி திறந்திருந்த கம்பெனியில், பின்கதவில் புதுப்பூட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றும்வரை தைக்க மாட்டோம் என்று தையல் பகுதியில் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். புது சூப்பர்வைசர் முறைத்துப் பார்த்தார், போனில் யாரிடமோ பேசினார், பிறகு வந்து பூட்டைக் கழற்றினார். அது கடவுள் செய்ததா, பயம் செய்ததா என்று வெடுக்குக்கு விளங்கவில்லை. திறந்த கதவைப் பார்த்து அழுகைதான் வந்தது.

அப்பீல் விசாரணைக்கு ஏற்கப்பட்டது; சாட்சிகளை மறுபடி கேட்கவும் கோர்ட் ஒத்துக்கொண்டது. அவள் மறுபடி கூடத்துக்குப் போகிறாள். மண்டியிட்டதும் என்ன கேட்பதென்று தெரியாமல் சும்மா இருக்கிறாள். விசாரணைக்குக் கிளம்பிய காலையில் அண்ணியும் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். நீங்கள் யார் பக்கம் பேசப் போகிறீர்கள் என்று வெடுக்கு கேட்டாள்.

“தெரியலம்மா. நடந்ததைச் சொல்லப் போறேன். ஆட்டோவைக் கூப்பிடு.”