உரித்த ஆரஞ்சு

குழந்தைகளைச் சிந்திக்க வைக்க வேண்டும் என்று எங்கள் பள்ளியின் கரஸ்பாண்டன்ட் சிவராமன் சார் முடிவு செய்த நாளிலிருந்து எனக்குத் தலைவலிதான். திருமுல்லைவாயிலில் புதிது புதிதாக எழும்பும் ஃபிளாட்டுகளுக்குக் குடிவரும் ஐ.டி. பெற்றோர்கள், அட்மிஷனுக்கு வந்தால், "திங்கிங் ஸ்கில்ஸுக்கு என்ன பண்றீங்க?" என்று கேட்கிறார்களாம். சாரிடம் பதில் இல்லையாம். உடனே 'சிந்தனைத் திறன் நாள்' என்று ஒரு விழாவை அறிவித்துவிட்டார். அதற்கு ஒரு மாதம் ஒத்திகை.

சிந்திப்பதற்கு ஒத்திகை! யாரிடம் போய் அழுவது?

என் எல்.கே.ஜி. வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். சார் எழுதிக் கொடுத்த வசனம் இதுதான். மேடையில் ஒரு கண்ணாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். கல்லைப் போட்டால் மூழ்கும், சாவியைப் போட்டால் மூழ்கும். கடைசியாக ஆரஞ்சு. அதைப் போடும் குழந்தை முதலில், "இது மூழ்கும்" என்று தப்பாக ஊகிக்க வேண்டும். ஆரஞ்சு மிதக்கும். மற்ற பிள்ளைகள் கைகளைத் தூக்கி, "மிதக்குது! மிதக்குது!" என்று கத்த வேண்டும். அந்தக் குழந்தை நெற்றியில் கை வைத்து, "நான் நினைச்சது தப்பு" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், சிந்தனை முடிந்தது. பெற்றோர்கள் கைதட்டி வீடியோ எடுப்பார்கள்.

ஆரஞ்சு பவ்யாவுக்கு. அப்பாவுக்கு ஆவடி ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. மைக்கே தேவைப்படாத குரல் என்பதால் நான்தான் அவளைத் தேர்ந்தெடுத்தேன். என்னைத்தான் சொல்ல வேண்டும்.

முதல் ஒத்திகையில் "முழுகும்" என்று நிஜமாகவே சொன்னாள். மிதந்ததும் வாயைப் பிளந்தாள். பிரமாதம் என்று நினைத்தேன். மறுநாள் ஆரஞ்சைக் கையில் கொடுத்ததும், "மெதக்கும்" என்றாள்.

"மூழ்கும்னு சொல்லணும்டி கண்ணு."

"அது மெதக்கும் மிஸ். நேத்தே பாத்தமே."

"தெரியும். தெரியாத மாதிரி சொல்லு."

"தெரிஞ்சிகினு எப்டி மிஸ் தெரியாத மாதிரி சொல்றது?"

நாலரை வயசு! கெஞ்சினேன், சாக்லேட் கொடுத்தேன், மூலையில் நிற்கவைத்தேன். சாக்லேட்டையும் தின்றுவிட்டு, மூலையில் நின்றுகொண்டே, "மெதக்கும்" என்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது.

சார் ஒருநாள் இதை வந்து பார்த்தார். "இந்தப் பொண்ணுக்கு ஊகிக்கவே வரல ஷோபனா. இன்னொரு வருஷம் எல்.கே.ஜி.யிலயே உக்காரட்டும். லெட்டர் ரெடி பண்ணுங்க" என்றார். நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. 'சிந்திக்கும் திறன் போதாது, சொல்வதைப் புரிந்துகொள்வதில்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டினேன். விழா முடிந்து ரிப்போர்ட் கார்டு கொடுக்கும்போது இதையும் அவள் அம்மா கனிமொழியிடம் கொடுத்துவிட வேண்டும். மேடைக்கு வேறு பிள்ளையைப் போடலாம் என்றால், அழைப்பிதழில் பவ்யாவின் பெயர் அச்சாகிவிட்டது.

விழா அன்று மொட்டைமாடி ஷெட்டில் கூட்டம் நெரிந்தது. மேடைக்குப் போகவேண்டிய ஆரஞ்சைக் கேட்டால், எங்கள் ஆயா சுசீலாம்மா அதை அழகாக உரித்துத் தட்டில் வைத்திருக்கிறார்.

"ஏன் சுசீலாம்மா உரிச்சீங்க?"

"புள்ளைங்களுக்குத்தான? எப்பவும் உரிச்சித்தான குடுக்கறோம். இதுல இன்னா கீது?"

அவரைக் குறை சொல்ல முடியாது. டிபன் டப்பா மூடியைத் திறப்பது, முட்டை ஓட்டை எடுப்பது, வாழைப்பழத் தோலை நீக்குவது எல்லாம் அவர்தான். பிள்ளைகளை விட்டால் நேரமாகும், சட்டை அழுக்காகும், சாயங்காலம் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் கேள்வி வரும். ஆகவே எங்கள் பள்ளியில் எந்தப் பிள்ளையும் எதையும் உரித்ததே இல்லை.

வேறு ஆரஞ்சு வாங்க நேரமில்லை. தோல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, ஆரஞ்சு ஆரஞ்சுதானே என்று மேடைக்கு அனுப்பிவிட்டேன். நான் பி.எஸ்ஸி. படித்தவள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கல் மூழ்கியது. சாவி மூழ்கியது. பவ்யா ஆரஞ்சோடு வந்தாள். நான் கண்ணை உருட்டினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, "மெதக்கும்!" என்றாள். முதல் வரிசையில் சார் தலையில் கை வைத்தார்.

ஆரஞ்சு தண்ணீரில் விழுந்து நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

இருபத்தைந்து பிள்ளைகளும் அதைப் பார்த்தார்கள். பார்த்தபடியே கைகளைத் தூக்கி, "மிதக்குது! மிதக்குது!" என்று கத்தினார்கள். பெற்றோர்களும் கைதட்டினார்கள். கண்ணால் பார்ப்பதை விடு, மிஸ் சொன்னதைச் சொல். ஒரு மாதமாக நான் சொல்லிக் கொடுத்த பாடம் அதுதான்.

பவ்யா கத்தவில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். பிறகு மேடையை விட்டு இறங்கி, சுசீலாம்மா பக்கத்திலிருந்த குப்பைக்கூடையில் கை விட்டு ஆரஞ்சுத் தோலை அள்ளிக்கொண்டு வந்து தொட்டியில் போட்டாள். தோல் மிதந்தது. தோளுக்குக் கீழே சட்டையெல்லாம் நனைய, பழத்தை எடுத்துத் தோலை மேலே சுற்றி இறக்கினாள். கையை எடுத்ததும் தோல் பிரிந்து மேலே வந்தது, பழம் மறுபடி கீழே போனது.

"தோலு இருந்தாத்தான் மெதக்கும் மிஸ். ஆயாம்மா உரிச்சிட்டாங்க" என்றாள்.

கூட்டம் மறுபடி கைதட்டியது. அது அடங்குவதற்குள் சார் என்னிடம் ஓடி வந்தார். "பிரமாதம்! அடுத்த வருஷம் இந்தத் தோலையும் வசனத்துல சேத்துடுங்க. சொன்னதச் சொல்ற பிள்ளையா பாத்து குடுங்க."

அதற்குள் கனிமொழி, ஈரச் சட்டையோடிருந்த மகளை இழுத்துக்கொண்டு வந்து ரிப்போர்ட் கார்டை வாங்கினார்.

"அந்தக் கவரு இன்னா மிஸ்? இவ பேரு போட்டுக் கீது?"

சார் பக்கத்திலேயே நின்றார். "குடுங்க ஷோபனா" என்றார்.

நான் உறையை இரண்டாகக் கிழித்தேன். பிறகு நாலாக.

"ஒண்ணுமில்லம்மா. ஜூன்ல இவ யு.கே.ஜி. வரா."

"ஷோபனா!" என்றார் சார்.

"கையெழுத்து என்னோடது சார். நான் நினைச்சது தப்பு" என்றேன். எத்தனை ஒத்திகை பார்த்தேனோ, கை தானாக நெற்றிக்குப் போனது.

பவ்யா என்னை மேலும் கீழும் சந்தேகமாகப் பார்த்தாள்.

"உங்களுக்கு யாரு மிஸ் சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள்.