விரல் நீளப் புது வயர்

குளியலறைக் குழாயைத் தொட்ட ராமுத்தாய் அலறிக்கொண்டே வெளியே வந்து விழுந்தாள். வலது கை மரத்துப்போயிருந்தது. மருமகள் பானுப்ரியா ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு அவளைத் தூக்கி உட்காரவைத்தாள். மாமனார் உடையப்பன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஹீட்டர்தான் கோளாறு. வயரிங் மாத்திப் பத்து வருசம்கூட ஆகல" என்றார்.

நாகல்நகரில் அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளி எவரும் இந்தப் பெருமையைக் கேட்காமல் காப்பி குடித்துவிட்டுப் போனதில்லை. பானுப்ரியா பாலிடெக்னிக்கில் நடத்துவதே மின்சாரப் பாடம்தான். மாமனாருக்கு அது ஏதோ டீச்சர் வேலை. அவர் எலக்ட்ரீசியன் கண்ணனை வரவழைத்தார்.

கண்ணன் சுவிட்ச் போர்டை விரலால் இரண்டு தட்டுத் தட்டினான், தர்பூசணி வாங்குகிறவன் மாதிரி.

"பத்து வருசம்தான் சார் இருக்கும். நல்ல கண்டிசன்."

கைரேகை பார்க்கிறவன்கூடக் கையை விரிக்கச் சொல்வானே என்று நினைத்துக்கொண்டாள் பானுப்ரியா. "ஸ்க்ரூ டிரைவரைக் குடுங்கண்ணே" என்றாள்.

"உனக்கெதுக்கும்மா இதெல்லாம்?" என்றார் உடையப்பன்.

அவள் போர்டைக் கழற்றினாள். பளபளக்கும் சுவிட்சுகளுக்குப் பின்னால் விரல் நீளத்துக்குப் புதுப் பிளாஸ்டிக் வயர். அதன் நுனியில் கறுப்பு டேப். டேப்பைப் பிரித்தால் துணி சுற்றிய ரப்பர் வயர். லேசாக வளைத்ததுமே ரப்பர் அப்பளம்போல் நொறுங்கி உதிர்ந்தது.

"மாமா, இந்த வயரை நான் எங்க லேப்ல பழங்காலச் சாமான் வச்சிருக்கிற அலமாரியிலதான் பாத்திருக்கேன். வாரதும் ரெண்டே வயரு, எர்த்தே கிடையாது. வீடு கட்டினப்பப் போட்டது. அம்பது வருசத்துக்குக் கொறையாது."

"அப்ப என் சித்தப்பா மகன் வந்து வயரிங் மாத்தினதெல்லாம் பொய்யா?"

கையைத் தேய்த்துக்கொண்டிருந்த ராமுத்தாய் நிமிர்ந்தாள். "ஏங்க, அவன் பதினோரு மணிக்கு வந்தான். கோழிக்கொழம்பு தின்னுட்டு மூணு மணி பஸ்ஸுக்குப் பழனிக்குப் போயிட்டான். செவுத்துல பொட்டு மண்ணு உதிரல. அதுக்குள்ள வீடு முச்சூடும் வயரு இழுத்துட்டானாக்கும்?"

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேட்டீகளா?"

"உள்ள இப்படித்தான் இருக்கும்னு நானும் நெனச்சேன் சார்" என்றான் கண்ணன். பானுப்ரியா அவனைப் பார்த்தாள். அவன் தரையில் விழாத திருகாணியைத் தேட ஆரம்பித்தான்.

வயரிங் முழுசும் மாற்றாமல் மெயினைப் போட விடமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். மறுநாளே கண்ணனும் அவன் ஆட்களும் சுவரை வெட்டினார்கள். உடையப்பன் மின்விசிறிக் காற்றில்லாமல் இரண்டு நாள் வியர்த்துக் கிடந்தார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு பிரான்சிஸிடம் வாசலில் நின்று அவர் சொல்வது உள்ளே நன்றாகக் கேட்டது.

"பாத்ததுமே சொல்லிட்டேன் சார், இது அம்பது வருசத்து வயருன்னு. எலக்ட்ரீசியனுக்கே தெரியல!"

பானுப்ரியாவுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. கண்ணன் மாட்டிய பச்சை எர்த் வயரை இழுத்துப் பார்த்தாள். கையோடு வந்துவிட்டது.

"இதை மறுபடி முறுக்குங்கண்ணே" என்றாள். அவன் முறுக்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.