வராவிட்டால் படிக்கும் உரை

ராக்கெட் கிளம்புவதற்கு முன்பே நாட்டின் தலைவருக்கு இரண்டு உரைகள் தயாராகிவிடும். ஒன்று, வீரர்கள் திரும்பி வந்தால் படிப்பது. மற்றது, வராவிட்டால். விபத்துக்குப் பிறகு எழுத உட்கார்ந்தால் யாருக்கும் கை ஓடாது. எல்லோரும் உயிரோடிருக்கும்போதே எழுதிவிட வேண்டும். வழியனுப்பும் உரையிலும் "இதில் ஆபத்து உண்டு" என்று ஒரு வரி இருக்கும். அது முன்கூட்டியே காதில் விழுந்திருந்தால்தான் கெட்ட செய்தி வரும் நாளில் நாடு நிலைகுலையாது. இரங்கல் உரைக்கோ, வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த ஒரு சின்ன விஷயம் வேண்டும். முன்பின் தெரியாதவனுக்காக ஊர் அழாது.

அந்தச் சின்ன விஷயத்தைத் தேடித்தான் தலைவருக்கு உரை எழுதும் கிளெமென்ட், பிரேசர் டவுனில் இருந்த அந்த வீட்டுக்கு வந்திருந்தான். விண்வெளிக்குப் போகவிருந்த ஆஷ்லியின் அம்மா மௌரீனிடம், "வரவேற்பு உரைக்கு, ஆன்ட்டி" என்று சொல்லியிருந்தான்.

மௌரீன் கேக் வெட்டி வைத்தாள்.

"வெளிய போனா தெருமுனையில இருந்து திரும்பி வருவான், மேன். கேட் சாத்தினோமான்னு பாக்க. பக்கத்து வீட்டு பாகீரதி, 'வந்துட்டாரு வாட்ச்மேன்'னு கிண்டல் பண்ணுவா."

கிளெமென்ட் சிரித்தான். அதற்குள் அவன் விரல்கள் லேப்டாப்பில் ஓடிவிட்டன: 'தெருமுனையிலிருந்து எப்போதும் திரும்பி வந்த பிள்ளை, இம்முறை திரும்பவில்லை.' நல்ல வரி அமைந்தால் வருமே, அந்தத் துள்ளல் வந்தது.

"சின்ன வயசுல எதுக்குப் பயப்படுவான், ஆன்ட்டி?"

மௌரீனின் கத்தி கேக்கில் நின்றது. அவள் கோலார் தங்கவயலில் பிறந்தவள். சுரங்கத்தில் பாறை சரிந்த நாட்களில், சாவுச் செய்தியைச் சொல்லும் முன் கம்பெனி ஆள் வாசலில் நின்று இப்படித்தான் இதமாகப் பேச்சுக் கொடுப்பார்.

"வந்தா அவனையே கேட்டுக்கலாமேப்பா. என்னை ஏன் கேக்குற?"

"ரெண்டு உரை எழுதி வைக்கிறது வழக்கம், ஆன்ட்டி..."

"சரி. எது எழுதி முடிச்ச?"

வரவேற்பு உரை 'அன்பார்ந்த நாட்டு மக்களே' என்பதைத் தாண்டவில்லை. இரங்கல் உரையைத்தான் மெருகேற்றிக்கொண்டிருந்தான். லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான்.

"எழுதாதேன்னு சொல்லல. சுரங்கத்துல எங்களுக்கெல்லாம் யாரும் முன்னாடியே சொல்லி வைக்கல, அதனால உங்க வேலை எனக்குப் புரியுது. ஆனா அந்த கேட் கதை அதுல வேணாம். அது அவன் வந்தா சொல்றதுக்கு."

அவள் கண்முன்னே அந்த வரியை அழித்தான்.

ஆட்டோவில் உரையை மறுபடி படித்தான். அந்த வரி இல்லாமல் மொட்டையாக இருந்தது. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். முகம் எரிய எரிய, பழையபடி அதை அதே இடத்தில் தட்டச்சு செய்து அலுவலகத்துக்கு அனுப்பினான்.

போன் அடித்தது. மௌரீன்.

"கோவமா பேசிட்டேன், சாரிப்பா. சொன்னதும் எடுத்துட்ட. நல்ல பையன் நீ."

"பரவாயில்ல, ஆன்ட்டி" என்றான், டிரைவருக்குக் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தி.