முப்பத்தொன்றாம் நாள் சீட்டு

"இன்னும் கொஞ்சம் மேல" என்றான் ஆசென்.

நெவேனா ஒரு கையில் குழந்தையை அணைத்துக்கொண்டு, மறு கையால் தங்கையின் மரண அறிவிப்பை வாசற்கதவில் அழுத்திப் பிடித்தாள். தங்கை புருஷன் ஆசென் நாலு மூலையிலும் டேப் ஒட்டினான். பிள்ளை பெற்ற வீடு என்று கைப்பிடியில் கட்டிய சிவப்பு நூலை யாரும் இன்னும் அவிழ்க்கவில்லை. அறிவிப்பில் இருந்த படத்தில் தங்கை ராலிட்சா சிரித்தாள். செத்தும் இவள்தான் அழகி என்று நெவேனாவுக்குத் தோன்றியது. தோன்றியதற்கு வெட்கப்பட்டாள், ஆனாலும் தோன்றியது போகவில்லை.

உள்ளே சவப்பெட்டியின் பக்கத்தில் அம்மா ஸ்டெஃப்கா பாதிரியாரின் கையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். இன்று குழந்தைக்கு நாற்பதாம் நாள். தாயையும் பிள்ளையையும் கோயில் வாசலில் நின்று ஆசீர்வதிக்க வேண்டியவர் அவர்.

"தானா உசுர விட்டவங்களுக்கு நான் அடக்கப் பாட்டுப் பாட முடியாதும்மா. மனசு சரியில்லாம இருந்தாள்னு ஒரு டாக்டர் சீட்டு இருந்தாக் கொடுங்க. மேலிடத்துல பேசி அனுமதி வாங்கிடறேன்."

"டாக்டர்கிட்ட எங்க சாமி போனோம்? பச்ச ஒடம்புக்காரிய நாப்பது நாள் வாசப்படி தாண்ட விடுவமா? முப்பத்தெட்டாம் நாளே அவளாத் தாண்டிட்டா. புள்ளையப் பாக்க வந்த டாக்டரம்மாவும் லீவுல கடல் பக்கம் போயிட்டா." அம்மா குரல் உடைந்தது. "பாட்டில்லாமப் பொதைக்க எம் பொண்ணு என்ன நாயா பூனையா?"

நெவேனாவின் கைப்பையில் அந்தச் சீட்டு இருந்தது.

முப்பத்தொன்றாம் நாள் டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்தது. "இது சோம்பேறித்தனமும் இல்ல, கண்ணேறும் இல்ல. கர்ப்பத்துல ஹார்மோன் மலையேறி நிக்கும். நஞ்சுக்கொடி விழுந்ததும் ரெண்டு மூணு நாள்ல தரைக்கு வந்துடும். சில பேரு மூளைக்கு அந்த எறக்கம் தாங்காது. தூக்கம் போகும், மனசு இருண்டுடும். மருந்து இருக்கு. இந்த வாரமே மனநல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ."

அந்த ஹார்மோன்களின் பெயர் நெவேனாவுக்கு மனப்பாடம். பிள்ளை வேண்டி நாலு வருஷம் தலைநகர் சோஃபியாவுக்கு பஸ் ஏறிப் போய் வாங்கி வந்து, ஃபிரிட்ஜில் தயிர் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, தன் வயிற்றில் தானே ஊசியாகக் குத்திக்கொண்டவை. அவளுக்கு ஒன்றும் தங்கவில்லை. தங்கைக்குக் கேட்காமலே மலையளவு வந்து, கொட்டியும் போயிருக்கிறது. அதைக் கேட்டபோதும் நெவேனாவுக்கு வயிறுதான் எரிந்தது.

அன்று மாலை ராலிட்சா குழந்தையை நீட்டினாள். "எடுத்துக்கோக்கா. இவ யாரோ மாதிரி இருக்கா. எனக்குள்ள ஒண்ணுமே இல்ல."

"கொடுத்து வெச்சவளுக்கு அழுகை வேறயா?" என்றாள் நெவேனா.

குழந்தை அவள் தோளில் விழுந்ததும் தூங்கிப்போனது. தங்கை குணமாகிவிட்டால் இந்தக் கனம் தோளை விட்டுப் போய்விடும். நெவேனா சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். நாற்பது நாள் கழியட்டும் என்று அம்மா சொன்னபோது, "ஆமாம்மா, கழியட்டும்" என்றாள்.

பாதிரியார் எழுந்தார். "மன்னிச்சுக்கோங்க ஸ்டெஃப்கா."

தலையணைக்கு அடியில் கிடந்தது என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? செத்தவள் எழுந்து வந்து இல்லையென்று சொல்வாளா? நெவேனா உள்ளே வந்து ஒரு கையால் பையைத் திறந்து சீட்டை எடுத்து நீட்டினாள்.

"எங்கிட்டதாம்மா இருந்துச்சு."

அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தாள். தேதியில் விரல் நின்றது. "ஒம்பது நாளாவா?"

ஆசென் சுவரைப் பார்த்தான்.

அம்மா சீட்டைப் பாதிரியாரிடம் கொடுத்தாள். "பாடுங்க சாமி. எம் பொண்ணுக்கு ஒடம்புக்கு முடியாம இருந்துச்சு."

அவர் போன் பேச வெளியே போனார். அம்மா நெவேனாவிடம் வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையை அவள் தோளிலிருந்து மெல்லப் பிரித்தெடுத்து ஆசெனிடம் கொடுத்துவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பாட்டு தொடங்கியது. எல்லோரும் மெழுகுவர்த்தி ஏந்தினார்கள். நெவேனாவும் வலக்கையில் ஒன்று வாங்கிக்கொண்டாள். இடக்கை மட்டும் மடிந்தபடியே இருந்தது.