ஐந்து கால் வண்டு

ஜெர்மனியில் ஓர் அருங்காட்சியகத்தில் தரைவண்டுகளை இனம்பிரித்து ஆராய்ந்துவிட்டு ஆரணிக்குத் திரும்பிய ஸ்டெஃபிக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. காரணம், அங்கே நூறு வருஷத்துக்கு முன் ஊசியில் குத்தி வைத்த ஒரு வண்டு. அந்த இனத்துக்குப் பெயர் வைத்ததே அதைப் பார்த்துத்தான். கடைசி நாளில் பார்த்தபோது அதற்கு ஆறு காலில் ஐந்துதான் இருந்தது. தானே ஒடித்துவிட்டதாக நினைத்து, யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டாள்.

இன்று அப்பா மைக்கேல்ராஜிடம் உடைத்துச் சொன்னாள். அவர் தறியை நிறுத்தினார்.

"தொடறதுக்கு முன்னாடி போட்டோ எடுக்கலியா?"

எடுத்திருந்தாள். திறந்து பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. தறிப்பாவில் அறுந்த இழையைத் தேடும் கண்ணால் அவள் நீட்டிய போனை அவர் பார்த்தார்.

"இதுலயே அஞ்சுதாம்மா."

ஸ்டெஃபிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அது அஞ்சு காலோட நூறு வருஷமா நின்னுகினு கீது," என்றார் அப்பா. "நீ ரெண்டு காலும் நல்லா இருந்தும் ஓடியாந்துட்டியே!"