கவிழ்த்து வைத்த அட்டை

1

இந்தக் கதை ஓர் அறிவிப்பிலிருந்து பிறந்தது. கோல்ஃப் கிளப்பின் பலகையில், தொலைந்துபோன குடைக்கும் தண்ணீர் வராத நேரத்துக்கும் இடையே அது குத்தப்பட்டிருந்தது: ‘புதன் காலை ஆடத் துணை தேவை. அருகில் வசிப்பவர், அதிகம் பேசாதவர், தோற்றால் முகம் சுருங்காதவர்.’ கீழே பல் மருத்துவரின் கையொப்பம்.

பல் மருத்துவருக்கு ஆறு ஆண்டுகளாக ஒரு துணை உண்டு. சனிக்கிழமைதோறும்.

முதல் வரைவில் அந்தத் துணையை ‘நான்’ என்றே எழுதினேன். இரண்டாம் வரைவில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஆக்கினேன். பொறாமையைப் பிறர்மேல் ஏற்றினால்தான் வாக்கியம் ஒழுங்காக அமைகிறது.

2

‘அறிவிப்பைப் படித்த கடைக்காரரின் உள்ளத்தில் எரிமலை’

(வேண்டாம். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் முறை படித்தார். அவ்வளவே.)

‘பொருந்திய துணை என்பது யாதெனில்’

(இது கட்டுரை. எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ஆட்டத்தில் குறைந்த வீச்சுகளில் பந்தைக் குழியில் சேர்ப்பவரே வென்றவர். ஆனால் தம் வீச்சுகளைத் தாமே எழுதிக்கொள்ளக் கூடாது. உடன் ஆடுபவர்தான் அட்டையில் எழுத வேண்டும். நம் பிழைகளை எண்ணுவதற்கென்றே ஓர் ஆளைத் தேடுகிறோம்.)

வீட்டில் சொன்னார்.

“டாக்டர் புதன்கிழமை வேற ஆளோட ஆடப் போறாராம்.”

“ஆடட்டுமே. அவரை என்ன குத்தகைக்கா எடுத்திருக்கீங்க?” என்றார் மனைவி.

“தோத்தா முகம் சுருங்காத ஆளா வேணுமாம்.”

“அப்ப யோசிச்சுத்தான் எழுதியிருக்காரு.”

3

புதன்கிழமை கடையைத் திறக்காமல், அழைப்பில்லாமல் போனார். அங்கே அடுத்த தெரு நீச்சல் பயிற்சியாளர் நின்றிருந்தார். நிமிர்ந்த தோள்களும் உரத்த சிரிப்பும் கொண்ட பெண்மணி. மருத்துவர் அவரைக் ‘கோச்’ என்றார். ஆறு ஆண்டுகளாகியும் கடைக்காரர் வெறும் ‘சார்’தான்.

“அட, வாங்க சார்! மூணு பேரா ஆடிடலாம்.”

மூவர் என்றால் அட்டைகள் சுற்றுக்கு வரும். மருத்துவருக்குக் கடைக்காரர் எழுதினார், பயிற்சியாளருக்கு மருத்துவர், கடைக்காரருக்குப் பயிற்சியாளர். தம் அட்டை இன்னொருவர் பையில் இருக்க, மருத்துவரின் பென்சில் வேறொரு பெயருக்கு எதிரே நகர்வதைக் கடைக்காரர் பார்த்துக்கொண்டே நடந்தார்.

மூன்றாம் குழியில் அவர் மட்டையை வீசினார். பந்து அசையவில்லை. வழக்கம்போல், “இது ஒத்திகை” என்றார்.

“இல்லையே சார், அடிக்கத்தானே வீசினீங்க? காத்துல போனாலும் ஒண்ணு ஒண்ணுதான்,” என்று சிரித்தபடியே எழுதினார் பயிற்சியாளர்.

கடைக்காரர் மருத்துவரைப் பார்த்தார். மருத்துவர் தம் காலணிக் கயிற்றைப் பார்த்தார்.

‘ஒத்திகைதானே சார்!’ என்று மருத்துவர் தலையாட்டிய சனிக்கிழமைகள் எத்தனை! மருத்துவர் ஏமாந்துவிட்டார் என்றே இவர் நினைத்திருந்தார். அவர் ஏமாறவில்லை, விட்டுக்கொடுத்திருக்கிறார்.

(இங்கே கடைக்காரரை நெகிழவைக்க மூன்று வரைவுகளில் முயன்றேன். அவர் இணங்கவில்லை. அந்தச் சலுகை தமக்கு மட்டுமே உரியதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.)

4

கடைசிக் குழியில் பயிற்சியாளரின் மட்டையும் ஒருமுறை காற்றை வெட்டியது. அதையும் சேர்த்தால் ஏழு வீச்சு, விட்டுவிட்டால் ஆறு.

முடிவு ஒன்று: மருத்துவர், “ஒத்திகைதானே கோச்?” என்கிறார். சனிக்கிழமைகள் முடிந்தன.

முடிவு இரண்டு: ஏழு என்று எழுதுகிறார். கடைக்காரர் வீடுவரை சீழ்க்கையடித்துக்கொண்டே போகிறார். (அற்பம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.)

நடந்தது இரண்டுமன்று. மருத்துவர் வாய் திறக்காமல் எழுதினார். என்ன எழுதினார் என்பதை அவர் முதுகு மறைத்துவிட்டது. பயிற்சியாளர் இன்னும் சரிபார்த்துக் கையெழுத்திடவில்லை. இருவரும் கைகழுவப் போயிருக்கிறார்கள். அந்த அட்டை கிளப் மேசைமேல் கவிழ்ந்து கிடக்கிறது, என் கைக்கு எட்டும் தூரத்தில்.

(‘அவர் கைக்கு’ என்று திருத்திப் படிக்கவும். அல்லது, இருக்கட்டும்.)

எனக்குத் துணிவில்லை. நீங்களே திருப்பிப் பாருங்கள். அவர்கள் வருவதற்குள் சொல்லிவிடுங்கள்.

எந்த எண் இருந்தாலும் ஏழு என்றே சொல்லுங்கள்.